கார் என்ஜினுக்கு ஏற்ற ஆயில் எது?

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் இன்று சிறு விவசாயி வீட்டு வாசலிலும் என்ஜின் வைத்த வண்டி ஏதாவது ஒன்று நிற்கிறது. காய்கறியும் பூவும் ஏற்றிக்கொண்டு திருத்தணிக்குப் போகும் "குட்டி யானை"யாக இருக்கலாம். குடும்பத்துக்கென்று வாங்கிய பழைய காராக இருக்கலாம். பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் டிராக்டராக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று கை மாறி வந்தவை. வண்டியுடன் கம்பெனி கொடுத்த கையேடு முதல் கையிலேயே தொலைந்து போயிருக்கும். எனவே ஆயில் மாற்றும் நாள் வந்தால், கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதை ஊற்றிக்கொண்டு வருவதே வழக்கமாகிவிட்டது.

இதனால் வரும் நஷ்டம் உடனே தெரிவதில்லை. தவறான ஆயிலை ஊற்றிய மறுநாளும் வண்டி ஓடும். ஆறு மாதமும் ஓடும். பிறகு ஒரு நாள் சுமையோடு மேடு ஏறும்போது "டக டக" என்று சத்தம் கொடுத்து நின்றுவிடும். பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாப்ட் கீறி, லைனர் பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும்போது, அந்தத் தொகை வண்டி வாங்கிய விலையில் பெரும் பகுதியாக இருக்கும். அதுவும் திருவாலங்காடு சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, ஆட்கள் கரும்பை வெட்டிப் போட்ட அன்று டிராக்டர் நின்றுவிட்டால், வெயிலில் கிடக்கும் கரும்பு நாளுக்கு நாள் எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ரிப்பேர் செலவு ஒரு பக்கம், கரும்பில் நஷ்டம் மறுபக்கம்.

ஆயிலைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு பெரிய வித்தை அல்ல. விலையையும் நிறத்தையும் கெட்டியையும் பார்த்து வாங்குவதை விட்டு, டின்னில் அச்சிட்டுள்ள இரண்டு குறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

ஆயிலின் வேலை என்ன?

மாட்டு வண்டிக்கு அச்சில் மை போடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். இரும்பும் இரும்பும் உராயாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது. ஆரம்ப கால என்ஜின்களிலும் விளக்கெண்ணெய் பயன்பட்டிருக்கிறது. 1909-ல் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தன் ஆயிலில் விளக்கெண்ணெயைச் சேர்த்து, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே "காஸ்ட்ரால்" என்று பெயர் சூட்டியது. முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் என்ஜின்களுக்கும் விளக்கெண்ணெய்தான். ஆனால் அது சூட்டில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். அதனால் மோட்டார் வாகனங்களில் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் ஆயில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மாட்டு வண்டி அச்சுக்கும் என்ஜினுக்கும் வித்தியாசம் உண்டு. என்ஜினில் கிராங்க் ஷாப்ட் நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று சுற்றுகிறது. அதற்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமயிரின் தடிமனில் சிறு பங்கே வரும் ஒரு ஆயில் படலம். அந்தப் படலத்தின் மேல்தான் முழுச் சுமையும் மிதந்துகொண்டிருக்கிறது. படலம் கிழிந்தால் இரும்பு இரும்பைத் தொடும்.

அத்துடன் ஆயிலுக்கு வேறு வேலைகளும் உள்ளன. பிஸ்டனின் அடியிலும் பேரிங்கிலும் உள்ள சூட்டை வாங்கிக் கீழே சம்ப்புக்குக் கொண்டுவருகிறது. எரிந்த புகைக்கரியை ஒரே இடத்தில் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்கிறது. ரிங்குக்கும் லைனருக்கும் உள்ள இடைவெளியை அடைத்து, அழுத்தம் வீணாகாமல் காக்கிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது. இத்தனையும் வெறும் எண்ணெயால் முடியாது. மணலியில் 1969-ல் உற்பத்தி தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றிலிருந்து வரும் மூல எண்ணெயுடன், நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து பங்கு வரை பலவகை ரசாயனப் பொருள்களைக் கலந்தே என்ஜின் ஆயில் தயாராகிறது. இந்தக் கலவைதான் ஒரு ஆயிலையும் இன்னொரு ஆயிலையும் வேறுபடுத்துகிறது. கையில் தொட்டுப் பார்த்தோ, விரலில் தேய்த்துப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் குறி: பாகுத்தன்மை

டின்னில் "எஸ்.ஏ.இ. 20டபிள்யூ-40", "15டபிள்யூ-40", "5டபிள்யூ-30" என்று ஒரு எண் இருக்கும். இது ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது. அதாவது எவ்வளவு கெட்டியாக, எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதை.

வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொப்பரையில் கொதிக்கும்போது பாகு தண்ணீராக ஓடுகிறது. அச்சில் ஊற்றி ஆறினால் அசையாமல் நிற்கிறது. ஆயிலும் அப்படித்தான். சூடு ஏற ஏற இளகும், ஆற ஆற இறுகும். என்ஜினுக்குத் தேவைப்படுவது இரண்டு நிலையிலும் அளவோடு இருக்கும் ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே உள்ள வால்வு வரை சட்டென்று ஏற வேண்டும். நடுப்பகலில் சுமையோடு ஓடும்போது தண்ணீராகிப் படலம் கிழியவும் கூடாது.

20டபிள்யூ-40 என்பதில் முதலில் உள்ள 20டபிள்யூ குளிர்ந்த நிலையைப் பற்றியது. "டபிள்யூ" என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. எடையைக் குறிக்கிறது என்று சிலர் சொல்வது தவறு. இந்த எண் குறையக் குறைய, கடுங்குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும். 20டபிள்யூ ஆயில் உறைநிலைக்கு 15 டிகிரி கீழே உள்ள குளிரில் சோதிக்கப்படுகிறது. 5டபிள்யூ ஆயிலுக்கு 30 டிகிரி கீழே. கடைசியில் உள்ள 40 என்பது, ஆயில் 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கான தர எண். 30 என்றால் அந்தச் சூட்டில் சற்று இளகியது. 50 என்றால் சற்று கெட்டியானது. இந்த எண்களுக்கும் வெப்பநிலை டிகிரிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

நம் திருத்தணி வட்டாரத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் என்று செய்தியில் இந்த ஊர்ப் பெயர் அடிக்கடி வருகிறது. மார்கழிக் குளிரோ வெறும் போர்வைக் குளிர்தான். ஆகவே குளிரை முன்னிட்டு மட்டும் 5டபிள்யூ ஆயிலைத் தேடிப் போக இங்கு அவசியமில்லை. பழைய டீசல் கார், வேன், டிராக்டர் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 என்றே கம்பெனிகள் குறித்திருக்கின்றன. பழைய பெட்ரோல் கார்களுக்கும் பெரும்பாலும் இதை ஒட்டிய ஆயில்தான்.

ஆனால் சமீப ஆண்டுகளில் வந்துள்ள பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று தண்ணீர் போன்ற ஆயிலைக் கம்பெனியே சொல்கிறது. "நம் ஊர் வெயிலுக்கு இவ்வளவு இளக்கமான ஆயிலா?" என்று பயந்து 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இது வேண்டாத பயம். வெளியே வெயில் 30 டிகிரி ஆனாலும் 42 டிகிரி ஆனாலும், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் என்ஜினை ஏறக்குறைய ஒரே சூட்டில் வைத்திருக்கின்றன. புதிய என்ஜின்களில் இடைவெளிகள் நெருக்கமாகவும் ஆயில் போகும் துவாரங்கள் சிறியதாகவும் அமைந்திருக்கின்றன. கெட்டியான ஆயில் அவற்றில் நேரத்துக்குப் போய்ச் சேராது.

சில டின்களில் "எஸ்.ஏ.இ. 40" என்று ஒரே எண் இருக்கும். இது ஒற்றைத் தர ஆயில். பழைய காலத்து, மெதுவாகச் சுற்றும் டீசல் பம்பு செட்டுகளுக்கு இன்றும் இதைச் சொல்கிறார்கள். அத்தகைய என்ஜினுக்கு அது சரி. காருக்கு வேண்டாம்.

இரண்டாவது குறி: தரம்

பாகுத்தன்மையை மட்டும் பார்த்து வாங்குவது, விதையின் பருமனை மட்டும் பார்த்து ரகத்தை முடிவு செய்வது போல. ஒரே 20டபிள்யூ-40 என்ற எண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தரமும் கிடைக்கும், இன்றைய தரமும் கிடைக்கும். இதைப் பிரித்துக் காட்டுவது "ஏ.பி.ஐ." என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் குறி. ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் சுருக்கப் பெயர். உலகம் முழுவதும் இந்தத் தரப் பிரிவைத்தான் பரவலாகப் பின்பற்றுகிறார்கள்.

"எஸ்" என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. "சி" என்று தொடங்கினால் டீசல் என்ஜினுக்கு. இரண்டாவது எழுத்து அகர வரிசையில் தள்ளிப் போகப் போகத் தரம் புதியது. பெட்ரோலில் எஸ்.எல். 2001-லும், எஸ்.எம். 2004-லும், எஸ்.என். 2010-லும், எஸ்.பி. 2020-லும் வந்தவை. டீசலில் சி.எப்.-4 1990-லும், சி.எச்.-4 1998-லும், சி.ஐ.-4 2002-லும், சி.கே.-4 2016-லும் வந்தவை. பொதுவாகப் புதிய தரத்தைப் பழைய என்ஜினுக்கு ஊற்றலாம். பழைய தரத்தைப் புதிய என்ஜினுக்கு ஊற்றக்கூடாது. இதைத் தலைகீழாகச் செய்வதுதான் அதிகம் நடக்கிறது. ஏனென்றால் பழைய தர ஆயில் விலை குறைவு.

சில டின்களில் "சி.ஐ.-4 / எஸ்.எல்." என்று இரண்டும் சேர்ந்து இருக்கும். அது டீசல், பெட்ரோல் இரண்டுக்கும் ஆகும். வீட்டில் டீசல் வேனும் பழைய பெட்ரோல் காரும் இருந்து, இரண்டின் பாகுத்தன்மை எண்ணும் ஒத்துப் போனால் ஒரே டின்னாக வாங்கிக்கொள்ளலாம்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் கந்தகம் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருந்தது. கந்தகம் எரிந்து அமிலமாகும். அதை முறிக்க ஆயிலில் காரத்தன்மை அதிகம் வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 டீசல்தான் விற்கிறது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இல்லை. ஆனால் பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று சைலன்சர் பாதையில் வைத்திருப்பார்கள். சாதாரண ஆயிலில் உள்ள உலோக உப்புகள் எரிந்து சாம்பலாகி இந்த வடிகட்டியை அடைத்துவிடும். சாம்பலை எரித்துப் போக்க முடியாது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டியதுதான். அது சிறு செலவல்ல. எனவே 2020-க்குப் பிறகு வந்த டீசல் வண்டிக்கு, கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைவான ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கும் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. அத்தகைய டிராக்டருக்கும் பழைய பழக்கத்தில் ஆயில் ஊற்றக் கூடாது.

கையேடு இல்லாதவர்கள் என்ன செய்வது? பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். பல கார்களில் மூடியின் மேலேயே ஆயில் எண்ணைப் பொறித்திருப்பார்கள். இல்லையென்றால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலையும் தயாரித்த ஆண்டையும் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்டதை ஒரு அட்டையில் எழுதி வண்டியின் கதவுப் பக்கம் ஒட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை.

கெட்டி ஆயில் வைத்தியம்

பழைய என்ஜின் நீலப் புகை விட்டால், "50 நம்பர் கெட்டி ஆயில் ஊற்றினால் நின்றுவிடும்" என்று ஒரு வைத்தியம் உண்டு. புகை சற்றுக் குறைவது உண்மை. ரிங்கும் லைனரும் தேய்ந்து விலகிய இடைவெளி வழியே இளகிய ஆயில் மேலே ஏறி எரிகிறது. கெட்டியானது குறைவாக ஏறும். அவ்வளவுதான். தேய்ந்தது தேய்ந்ததுதான். ஸ்டார்ட் செய்தவுடன் கெட்டி ஆயில் மேல் பகுதிக்கு ஏற அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில விநாடிகளில் கேம் ஷாப்ட்டும் ராக்கரும் உலர்ந்து சுற்றும். டர்போ உள்ள வண்டியாக இருந்தால் இது இன்னும் கெடுதல். ஆயிலைத் தள்ளுவதற்கே என்ஜின் சக்தியைச் செலவிடுவதால் டீசலும் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆகவே வண்டியை விற்கும்வரை ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு சாக்கு. வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அறுவடைக்கு முன்பே ரிங் மாற்றிவிடுவது மேல். (புகை விடாத பழைய வண்டியை வாங்கப் போகிறவர்கள், குச்சியை எடுத்து ஆயில் பாகு மாதிரி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.)

அதேபோல "சிந்தெடிக்" ஆயில் விலை அதிகம், ஆகவே நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம். அது சூட்டை அதிகம் தாங்கும், சீக்கிரம் கெடாது என்பது மெய். கம்பெனி அதைத்தான் கேட்கிறது என்றால் மறுபேச்சின்றி அதை வாங்க வேண்டும். 15டபிள்யூ-40 சாதாரண ஆயில் போதும் என்று கம்பெனி சொன்ன பழைய டீசல் வேனுக்கு அந்தக் கூடுதல் பணத்தைச் செலவிடுவதைவிட, சாதாரண ஆயிலையே தவணை தவறாமல் மாற்றினால் பலன் அதிகம். ஆயிலோடு கலக்கச் சொல்லிச் சிறு பாட்டிலில் விற்கும் "சக்தி மருந்து"களும் தேவையில்லை. கலக்க வேண்டியதை ஆயில் கம்பெனியே கலந்துதான் அனுப்புகிறது.

ஒரே டின் எல்லாவற்றுக்கும் ஆகாது

காருக்கு வாங்கியதில் மீதியை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது பரவலாக உள்ள பழக்கம். மோட்டார் சைக்கிளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. புதிய கார் ஆயில்கள் பலவற்றில், குறிப்பாக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்றவற்றில், வழுக்குவதற்கென்றே சில பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அவை கிளட்ச் தட்டில் படிந்தால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும். என்ஜின் கத்தும், வண்டி நகராது. மோட்டார் சைக்கிள் ஆயிலில் "ஜாஸோ எம்.ஏ." அல்லது "எம்.ஏ.2" என்ற குறி இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு "எம்.பி." என்ற குறி உள்ளதே போதும்.

மாந்தோப்பில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் கருவி ஆகியவற்றில் பல, பெட்ரோலுடன் ஆயிலைக் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள். இவற்றுக்கு "2டி" ஆயில் என்றே தனியாக விற்கிறது. கார் ஆயிலைக் கலந்தால் சைலன்சரிலும் பிளக்கிலும் கரி அப்பிக்கொள்ளும். கலக்கும் விகிதம் கருவிக்குக் கருவி வேறுபடும். டாங்கின் மூடியிலோ பக்கத்திலோ எழுதியிருப்பதைப் பின்பற்ற வேண்டும்.

டிராக்டரில் என்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் வேறு ஆயில். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டரில், கியர் பெட்டியில் உள்ள ஆயில்தான் பிரேக்குக்கும் போகிறது. அங்கே என்ஜின் ஆயிலை ஊற்றினால் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போகலாம். கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் வரும்போது அதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம்.

டிராக்டரைப் பற்றிப் பேசும்போது காற்று வடிகட்டியைச் சொல்லாமல் விட முடியாது. பல டிராக்டர்களில் ஏர் கிளீனரின் அடியில் ஒரு கிண்ணம் ஆயில் இருக்கும். உள்ளே போகும் காற்றில் உள்ள தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். கோடை உழவில் நம் செம்மண் தூசு சில நாட்களிலேயே இந்தக் கிண்ணத்தைச் சேறாக்கிவிடும். சேறானால் தூசு நேரே என்ஜினுக்குள் போய் லைனரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிறகு எத்தனை உயர்ந்த ஆயில் ஊற்றினாலும் பயனில்லை. வாரம் ஒரு முறையும், புழுதி உழவு நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள்.

வாங்கும்போது

லூஸ் ஆயில் வாங்க வேண்டாம். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஆயில் எந்தத் தரம் என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். என்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை வெறுமனே வடிகட்டி, நிறம் ஏற்றி விற்பவர்களும் உண்டு. (முறையான ஆலையில் மறுசுத்திகரிப்பு செய்து, சேர்மானங்களைப் புதிதாகக் கலந்து, தரக் குறியோடு வரும் ஆயில் வேறு; அதில் குற்றமில்லை.)

சீல் உடையாத டின்னா, தயாரித்த தேதியும் பாட்ச் எண்ணும் அழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, ரசீது கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான விலையைவிட மிகக் குறைவாகக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும். காலி டின்னைப் பழைய சாமான் கடைக்குப் போடும்முன் அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். முழு டின்னாகப் போனால் அதில் போலி ஆயில் நிரம்பி மீண்டும் கடைக்கு வரும்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. சிறிய காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கும். நல்ல ஆயிலுக்கும் மட்ட ஆயிலுக்கும் லிட்டருக்கு 100 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு தடவைக்கு 350 ரூபாய்தான். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும் இந்தச் செலவை மிச்சப்படுத்தப் போய், பல ஆயிரம் ரூபாய் என்ஜின் வேலையை இழுத்துக்கொள்வது கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியமல்ல.

எப்போது, எப்படி மாற்றுவது?

எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதும் கையேட்டில்தான் இருக்கிறது. புதிய கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இதில் எது முந்தியோ அது. பழைய வண்டிகளுக்கு 5,000 கிலோமீட்டர் என்பது பாதுகாப்பான அளவு. பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரம். புழுதியிலும் அதிகச் சுமையிலும் ஓடுகிற வண்டிக்கு இதைவிட முன்னதாகவே மாற்ற வேண்டும். வீட்டிலிருந்து கொல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துவது என்ஜினுக்கு லேசான வேலை என்று தோன்றும். உண்மையில் அது கெடுதல். என்ஜின் முழுச் சூடு ஏறாததால் எரிபொருளும் தண்ணீரும் ஆவியாகாமல் ஆயிலில் தங்கிவிடும். ஓடாமலே நிற்கும் வண்டிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

ஆயிலை இறக்கும்போது என்ஜின் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் கசடு அடியில் தங்காமல் ஆயிலோடு இறங்கும். அடியிலுள்ள பிளக்கைக் கழற்றி, கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள். மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி என்ஜினைக் கழுவுவது கூடாது. அது மூலை முடுக்குகளில் தங்கி, புது ஆயிலை இளக்கிவிடும். பில்டரையும் கூடவே மாற்ற வேண்டும். புது ஆயிலை ஊற்றிவிட்டுப் பழைய பில்டரை விட்டு வைப்பது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவது போல. பில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும்.

அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. ஆயில் மட்டம் உயர்ந்தால் கிராங்க் ஷாப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் படலம் நிற்காது. அளவு குச்சியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல் கோட்டை ஒட்டி இருப்பதே சரி. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும்.

வழியில் ஆயில் குறைந்துவிட்டது, வழக்கமான கம்பெனி ஆயில் கிடைக்கவில்லை என்றால், அதே எண்ணும் அதே தரமும் உள்ள வேறு கம்பெனி ஆயிலைச் சேர்த்துக்கொள்ளலாம். "கலந்தால் திரிந்துவிடும்" என்ற பயம் வேண்டாம். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதுதான் ஆபத்து.

குச்சி சொல்லும் சேதி

வாரம் ஒரு முறை குச்சியை எடுத்துப் பார்ப்பவருக்கு என்ஜின் முன்கூட்டியே சேதி சொல்லும். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிட்டால், போலி ஆயில் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கரியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது என்று பொருள். கறுக்காத ஆயில்தான் கரியை என்ஜினுக்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறது.

மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால், இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். வெள்ளித் தூள் போல மினுமினுத்தால் பேரிங் தேய்கிறது.

ஓட்டும்போது எதிரே சிவப்பு விளக்கு எரிந்து, கிண்டி போன்ற படம் தெரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது. "வீடு பக்கத்தில்தான்" என்று ஓட்டக் கூடாது. அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும். நிறையப் பேருடைய என்ஜின் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் போயிருக்கிறது.

டர்போ உள்ள டீசல் வண்டியை மேடு ஏறி வந்தவுடன் சட்டென்று அணைக்காமல், ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். டர்போவின் சூட்டைத் தணிப்பதும் இந்த ஆயில்தான். உடனே அணைத்தால் அங்கே நிற்கும் ஆயில் வெந்து கரியாகிவிடும்.

இறக்கிய ஆயில்

பழைய ஆயிலை வாய்க்கால் ஓரத்திலோ கிணற்று மேட்டிலோ கொட்டுவது நம் தண்ணீருக்கு நாமே செய்யும் கேடு. சிறிதளவு ஆயிலே கிணற்று நீர் முழுவதும் ஏடாகப் பரவும்; மண்ணில் ஊறினால் எளிதில் போகாது. மாட்டின் புண்ணுக்கும் உண்ணிக்கும் பழைய ஆயில் தடவுவதை அடியோடு நிறுத்த வேண்டும். எரிந்த ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களும் உலோகத் தூளும் இருக்கின்றன. மாடு நக்கினால் உள்ளே போகும். கையில் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, ஆயில் மாற்றும் சர்வீஸ் நிலையத்திலோ பழைய ஆயில் எடுப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். சட்டப்படி இது அபாயகரமான கழிவு. உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல், விற்ற ஆயிலில் ஒரு பங்கு மறுசுழற்சிக்குத் திரும்புவதை உறுதி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் உண்டு. கேனில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலக்காமல் வைத்திருந்தால் ஓரளவு விலையும் கிடைக்கும்.